நாலு பத்து மணிச் சத்தம்

"கண்டென்சர் எல்லாத்தையும் மாத்தியாச்சு. இனிமே சத்தம் வந்தா என் பேரை மாத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திருகினார். அப்போது மணி நாலு. பாட்டைப் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, பாட்டின் நடுவில் அது வந்தது.

டிட்டிட்டி, டிட்டிட்டி, டர்ர்ர்.

பேரை மாற்றிக்கொள்ளும் அவசியம் வரவில்லை. அந்தத் தெருவில் அவர் பேர் யாருக்கும் தெரியாது. ஒலிபரப்பு நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றதால் எல்லோருக்கும் அவர் இன்ஜினியர்தான். போதாக்குறைக்கு இப்போது பாட்டுக்கு அடியில் 'உம்ம்ம்' என்று ஓர் உறுமல் வேறு. அது நேற்றுவரை இல்லை. அது அவருடைய கைவண்ணம்.

ஆம்ப்ளிஃபயரை அவரே கட்டியிருந்தார். தினமும் நாலிலிருந்து ஐந்து மணிவரை அதன் எதிரே உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். முன்பு அங்கே இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஏழு வயதிலிருந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் வயலின் இழுக்கிறது என்று அப்பாவுக்கு முன்னால் சொல்லிவிடுவாள். ஆறு வருஷத்துக்கு முன் அவள் தானே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் இன்ஜினியர் பிளையரை எடுத்து வீட்டுத் தொலைபேசியின் வயரைத் துண்டித்தார். "இனிமே அவ குரல் இந்த வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது" என்று மனைவியிடம் சொன்னார். ஒரு நாற்காலி பரணுக்குப் போனது. வெட்டிய வயரின் முனை இன்னும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

அதன்பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதிலும் ஒரு சனியன் வந்து உட்கார்ந்துகொண்டால் மனுஷன் எதற்காக இருப்பது?

அந்த நேரத்தில் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். பாத்திரம் உருளும் சத்தம் கூடத்துக்கு வரக் கூடாது. முன்பெல்லாம் அவள் நாலு மணிக்குத் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனால் அரை மணி கழித்துத்தான் இறங்குவாள். மூட்டு வலி வந்தபிறகு படி ஏற முடியவில்லை. துணி எடுக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

அடுத்து அவர் எர்த் மீது சந்தேகப்பட்டார். கொல்லைப்புறத்தில் குழி தோண்டிச் செப்புக் கம்பியை இறக்கினார். கம்பி பூமிக்குள் போகும் வழியில் தண்ணீர்க் குழாயையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனது. இரண்டு நாள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மனைவி நொண்டியபடி தெருமுனையிலிருந்து குடம் சுமந்தாள். ஆனால் அந்த இரண்டு நாளும் சத்தம் வரவில்லை.

மூன்றாம் நாள் பிளம்பர் குழாயை அடைத்தார். நாலு பத்துக்குச் சமையலறையில் குழாய் சளசளவென்று கொட்ட ஆரம்பித்தது. கூடவே டிட்டிட்டி.

இதிலிருந்து இன்ஜினியர் கண்டுபிடித்தது, கோளாறு தண்ணீரில் என்று. நாலிலிருந்து ஐந்துவரை குழாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் நாலு பத்துக்கு உள்ளே மிக்சி அலறியது. கூடவே டிட்டிட்டி.

மிக்சியை எடுத்து வரச் சொன்னார். அவர் சமையலறைக்குள் போகிற வழக்கமில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த நிலைப்படியைத் தாண்டி எத்தனை தடவை போயிருப்பார் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம். மனைவி கொண்டுவந்து வைத்தாள். ஜாடி காய்ந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"வெறும் ஜாடியை ஓட்டுவாங்களா? மோட்டார் என்னத்துக்கு ஆகும்?"

"கழுவினது காயட்டும்னு போட்டேங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்து.

அவர் மிக்சியைக் கழற்றினார். திரும்பப் பூட்டியபோது நான்கு திருகாணிகள் மிஞ்சின. மிக்சி அதன்பிறகு ஓடவில்லை. நாலு பத்துச் சத்தம் மட்டும் தவறாமல் வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் போய், உங்கள் மெஷின் மோட்டார்தான் என் உயிரை எடுக்கிறது என்று சண்டை போட்டார். தையல்காரர், தன்னுடையது காலால் மிதிக்கிற மெஷின் என்று காட்டினார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

கடைசியில் சத்தத்தைத் தன் செல்போனில் பதிவு பண்ணி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் போட்டுக் காட்டினார். கடைக்காரர் இரண்டு விநாடிகூடக் கேட்கவில்லை.

"இது செல்போன் சார். பக்கத்துல போன் வந்தா ஸ்பீக்கர் இப்படித்தான் கத்தும். பழைய பட்டன் போனுன்னா இன்னும் ஜாஸ்தி."

"என் போனை நாலு மணிக்கு அணைச்சு வெச்சுடறேன்."

"வீட்டம்மாகிட்ட?"

"அவகிட்ட எதுக்குப் போன்? அவளுக்கு யார் பேசப் போறா?"

கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். செல்போன் விஷயம் தனக்கு முதலிலேயே தோன்றாமல் போனதில் இன்ஜினியருக்கு உள்ளுக்குள் அவமானம். யோசித்தபடி வீட்டுக்கு வந்தவர், எதிர்க்கட்டடத்து மாடியில் நிற்கும் செல்போன் டவரைப் பார்த்தார். பிடித்துவிட்டோம் குற்றவாளியை என்று நினைத்தார்.

இரண்டு நாளில் வீடு கூண்டாகிவிட்டது. ஜன்னல்களுக்கெல்லாம் நெருக்கமான கம்பி வலை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரில், அதாவது ஆம்ப் இருக்கும் அலமாரிக்குப் பின்னால், அலுமினியத் தகடு. சமையலறை ஜன்னலுக்கு வலையும் தகடும் சேர்த்து. உள்ளே பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. அவருடைய செல்போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. அதை மனைவியிடம் பெருமையாகக் காட்டினார். அவள் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு பத்து வந்தது, போனது. பாட்டு பால்போல ஓடியது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மனைவியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பாட்டு அப்படி என்று நினைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்றாள். எட்டாம் நாள் நாலு மணிக்கு, பாட்டு நடக்கும்போது, மாடிப்படியில் தடதடவென்று ஏதோ உருளும் சத்தம் கேட்டது. ஓடினார். அவள் கீழ்ப்படியில் கால் மடங்கிக் கிடந்தாள். துணிக்கூடை கவிழ்ந்து கிடந்தது. துணியெல்லாம் அவரே மத்தியானம் எடுத்து மடித்து வைத்தவை. காய்ந்த துணியைத் திரும்ப மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவானேன் என்று கேட்க அப்போது நேரமில்லை.

பேச்சு நின்றுபோன தையல்காரர்தான் ஓடிவந்து தூக்கினார். அவர் மனைவி சிதறிய துணிகளைக் கூடையில் அள்ளிப்போட்டு, சமையலறை மேடைமேல் வைத்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில், எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் மருந்து மயக்கத்தில் அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"கூடை எங்கங்க?"

"கால் ரெண்டா கிடக்கு, துணியைப் பத்திக் கவலையா? சமையல்கட்டுல இருக்கு."

"மணி நாலாச்சா?"

"இன்னும் இல்ல. தூங்கு."

அவள் தூங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பால் காய்ச்சிக்கொண்டு வரலாம் என்று அவர் வீட்டுக்குப் புறப்பட்டார். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கு யார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தார்.

சமையலறையில் தீப்பெட்டியைக் கண்டுபிடிக்கவே கால்மணி ஆனது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அதை ஊற்றிக்கொள்ள ஒரு பாத்திரம் தேடினார். அதற்குள் பால் பொங்கி, வற்றி, கருகிவிட்டது. புகை கண்ணைக் கரித்தது. புகை வெளியே போக வழியில்லை. எல்லா ஓட்டையையும் அடைத்தவர் அவர்தானே. இருமிக்கொண்டே கூடத்துக்கு ஓடி, அதே பிளையரை எடுத்துவந்து சமையலறை ஜன்னலின் தகட்டையும் வலையையும் பிய்த்து எறிந்தார். வெளிச்சம் உள்ளே வந்தது.

நேற்றுப் போட்ட ஆம்பை யாரும் அணைக்கவில்லை. கூடத்திலிருந்து அது பேசியது.

டிட்டிட்டி, டிட்டிட்டி, டர்ர்ர்.

கடிகாரத்தில் நாலு பத்து. இன்ஜினியர் பிளையரோடு அப்படியே நின்றார். கூடத்தில் உட்கார்ந்து இத்தனை நாள் கேட்ட சத்தத்துக்கு, இங்கே நின்றால் இன்னொரு பாதி இருந்தது. மேடைமேல், கூடைக்குள், மடித்த துண்டு ஒன்று 'கிர்ர்' என்று நடுங்கிக்கொண்டிருந்தது.

துண்டைப் பிரித்தார். உள்ளே ஒரு சின்னப் பட்டன் போன். மூலை உடைந்து, ரப்பர் வளையம் போட்டிருந்தது. பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தார். யார் என்று அதட்டத்தான் நினைத்தார்.

அதற்குள் அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. நாலு வயசுக்குமேல் இருக்காது அந்தக் குரலுக்கு.

"பாட்டி, தாத்தா சரியானதும் நாம அங்க வரலாம்னு அம்மா சொன்னாங்க. இன்னும் ரிப்பேராதான் இருக்காரா?"