கணக்குச் சரி, அரிசிதான் பிழை

வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவனுக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் உரிமை கிடையாது. நான் இயந்திரப் பொறியியல் படித்தேன். அதனால் எங்கள் மில்லிக்கன் வீட்டின் மைக்ரோவேவ், கராஜ் கதவு, மாமியின் காது மெஷின் எல்லாமே என் துறைக்குள் வந்துவிட்டன. (காது மெஷினுக்குப் பற்றரி மாற்றினேன். அதற்கே ஸ்காபரோ முழுக்கப் பேச்சு.) பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, இங்கே ஒன்ராரியோவுக்கு வந்து பேக்கரி ஒன்றில் மாப்பிசையும் மெஷினோடு காலம் கழித்த அப்பாவுக்கு, என் பட்டம் சுவரில் மாட்டிவைக்கும் பொருளல்ல. எடுத்துப் பாவிக்கிற சாமான்.

அக்காவின் கலியாணத்தில் அந்தச் சாமானைப் பாவித்தார்.

மாப்பிள்ளை நிரோஷனின் அம்மா எங்கோ ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை வெள்ளைக் குதிரையில் வந்ததைப் பார்த்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் எந்த மாப்பிள்ளை குதிரையில் போனவர் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. குதிரைக்கு ஏற்பாடாகிவிட்டது. ஆனால் கலியாணத்துக்கு முதல்நாள் குதிரையின் சொந்தக்காரி ஷெரில் ஃபோன் எடுத்தார். அவருடைய ட்ரக் பழுதாம். ட்ரெயிலர் இருக்கிறதாம், இழுக்கத்தான் வாகனம் இல்லையாம்.

சம்பந்திகள் எங்கள் வீட்டு ஹோலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா யோசிக்கவேயில்லை.

"அது பிரச்சினையில்லை. என்ரை மகன் எஞ்சினியர். அவன் கொண்டு வருவான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு முன்னால் "ஏலாது" என்று சொல்வது எப்படி என்பதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிப்பிப்பதில்லை.

ட்ரக் என் மாமா மகன் கஜனுடையது. அதை அவன் அடியில் இரும்பு வைத்து உயர்த்தி, பூதம் மாதிரிச் சில்லுகள் பூட்டி, படி இல்லாமல் ஏற முடியாதபடி ஆக்கி வைத்திருந்தான். அதுவரை அதில் ஏற்றிய ஆகக் கனமான சாமான் ஒரு பெட்டி மாம்பழம். ட்ரெயிலர் கொளுவும் இரும்புக் குண்டு மட்டும், பழைய சொந்தக்காரனின் புண்ணியத்தில், சாமான் ஏற்றும் பின்தட்டின் நடுவே இருந்தது.

குதிரை ட்ரெயிலர் கூஸ்நெக் வகை. ட்ரக்கின் பின்பக்கத்தில் கொளுவுவதல்ல. அதன் முன்பகுதி வாத்தின் கழுத்துப்போல் வளைந்து வந்து, பின்தட்டுக்கு உள்ளே அந்தக் குண்டின்மேல் உட்காரும். ட்ரக் அளவான உயரமென்றால் ட்ரெயிலர் மட்டமாக நிற்கும். கஜனின் ட்ரக்கில் கொளுவினால் அதன் மூக்கு வானத்தைப் பார்க்கும், குதிரை பின்னால் சரியும்.

நான் கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டேன். (நான் கடதாசி எடுத்தாலே அப்பா ரீவிச் சத்தத்தைக் குறைப்பார்.) விடை தெளிவாக வந்தது: பின்தட்டில் பாரம் ஏற்றினால் ஸ்பிரிங் அமரும், ட்ரக் பதியும், ட்ரெயிலரின் மூக்கும் இறங்கும். பாரத்துக்கு எங்கே போவது? மண்டபச் சமையலறைக்குப் போகவேண்டிய அரிசி மூட்டைகள் எங்கள் கராஜில் அடுக்கிக் கிடந்தன.

"அரிசியும் போகும், குதிரையும் போகும்," என்றேன்.

அப்பா, ட்ரக்கோடு வந்து நின்ற கஜனைப் பார்த்தார். "பாத்தியே? படிப்பெண்டால் உதுதான்."

மறுநாள் காலை மூட்டைகளை அடுக்கிக் கயிற்றால் கட்டினோம். கழுத்து இடிக்கும் என்று பின்தட்டின் கதவையும் கழற்றி வைத்தேன். (அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம்.) அப்பா சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து எங்களை அனுப்பினார். யூனியன்வில்லுக்கும் வடக்கே இருந்த பண்ணையில் ட்ரெயிலரைக் கொளுவி மட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது. ஷெரில் என் தோளில் தட்டினார். பிஸ்கட் என்ற வெள்ளைக் குதிரை பெருந்தன்மையோடு உள்ளே ஏறியது. எனக்குப் பட்டம் வாங்கிய நாளில்கூட நெஞ்சு இப்படி நிமிரவில்லை.

வழியில் ரயில் தண்டவாளம் ஒன்று மேட்டில் இருந்தது. நான் ஓட்டிய ட்ரக் மேடேறி மறுபக்கம் இறங்கத் தொடங்கியபோது ட்ரெயிலர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கழுத்தின் அடிப்பாகம் மூட்டைகளின்மேல் இறங்கி உட்கார்ந்தது. சீலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். என் கணக்கில் ஒன்ராரியோவின் வீதிகளெல்லாம் சாப்பாட்டு மேசைபோலத் தட்டையானவை.

"என்ன மச்சான் சத்தம்?" என்றான் பக்கத்தில் இருந்த கஜன்.

"கயிறு இறுகுது," என்றேன். எஞ்சினியர் சொன்னால் சரியாயிருக்கும் என்று அவனும் விட்டுவிட்டான்.

ஸ்ரீல்ஸ் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபோது கஜன் கண்ணாடியை நீண்ட நேரம் பார்த்தான்.

"ப்ரோ, கலியாணத்துக்கு எத்தினை பேருக்குச் சொன்னனீங்கள்?"

"ஏன்?"

"கொஞ்சப் பேர் பின்னாலை வருகினம்."

திரும்பிப் பார்த்தேன். கிழிந்த மூட்டைகளிலிருந்து அரிசி வீதியில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. கோட்டின்மேல் கடற்காகங்கள். பிளாசா வாசல்களில் பொரித்த கிழங்குக்குச் சண்டை பிடிக்குமே, அதே கூட்டம். இன்று சொந்தபந்தங்களோடு வந்திருந்தது. நிற்க நேரமில்லை. பச்சை விழுந்ததும் நாங்கள் போனோம், அவையும் வந்தன.

மண்டபத்து வாசலில் தவிலும் நாதஸ்வரமும் தயாராக நின்றன. பட்டு வேட்டி, தலைப்பாகையோடு நிரோஷன் நின்றார். எங்களோடு வந்த ஷெரில் இறங்கி ட்ரெயிலரைத் திறந்தார். தகரக் கூரைமேல் கடற்காகங்கள் டக்கு டக்கென்று நடந்துகொண்டிருந்தன. பிஸ்கட் கூரையைப் பார்த்தது, வெளியே பார்த்தது, ஓரடி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. தவிலும் வாணவெடியும் அதற்குப் பழக்கமாம். ஆனால் தலைக்குமேல் யாரும் இப்படி நடந்ததில்லையாம். "இன்று இவன் வேலை செய்யமாட்டான்," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார் ஷெரில்.

"குதிரை எங்கை?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"உள்ளுக்கை நிக்குது," என்றார் அப்பா.

"அப்ப இறக்குங்கோவன்."

"அது இறங்கமாட்டன் எண்டு நிக்குது."

"தம்பி படிச்ச பிள்ளையெண்டு சொன்னியள்?"

அப்பா பின்தட்டைப் பார்த்தார். அரிசியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன்.

"கணக்குச் சரி," என்றார் அப்பா. "அரிசிதான் பிழை."

நேரம் போகிறது என்று ஐயர் ஆள்விட்டிருந்தார். அப்பாவே வழி சொன்னார். குதிரையில் ஏறவென்று ஷெரில் கொண்டுவந்த படியைப் போட்டு, நிரோஷனை ட்ரக்கின் பின்தட்டில் ஏற்றினோம். சிந்திய அரிசிக்கு நடுவில், வாத்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை நின்றார். நான் ஆமை வேகத்தில் ட்ரக்கை ஓட்ட, மேளம் முன்னால், மாப்பிள்ளை நடுவில், குதிரை பின்னால், கடற்காகங்கள் மேலால், பார்க்கிங் லொட்டை ஒருமுறை சுற்றி வந்தோம்.

"குதிரையை விட உயரமாத்தானே வாறார்," என்றது ஒரு அன்ரியின் குரல். "அரிசியிலை நிண்டு வாறதும் நல்லதுதான்." மாப்பிள்ளையின் அம்மாவும் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார்.

ட்ரக்கை நிறுத்திவிட்டு ஓடினேன். வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவவேண்டியது பெண்ணின் தம்பி, அதாவது நான். செம்புத் தண்ணீரை ஊற்ற, அவர் கால் விரலிடுக்குகளிலிருந்து அரிசி வந்துகொண்டேயிருந்தது. (வாழ்க்கையில் நான் முதன்முதல் அரிசி களைந்தது அன்றுதான்.) வழக்கப்படி அவர் குனிந்து என் விரலில் மோதிரம் போட்டார்.

"தாங்ஸ் மச்சான்," என்றார் காதோரமாக. "எனக்குக் குதிரையெண்டால் சரியான பயம். அம்மாட்டைச் சொல்ல ஏலாமல் நிண்டனான்."

அந்த மோதிரம் இன்றும் என் விரலில் இருக்கிறது. அப்பா சொன்ன வசனம் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அம்மாவின் கேக் உள்ளே அமுங்கினாலும், அக்கா ஹைவேயில் பிழையான எக்ஸிற் எடுத்தாலும், கணக்குச் சரி, அரிசிதான் பிழை.

போன மாதம் வேலையில் நான் கீறிய வரைபடம் ஒன்று திரும்பி வந்துவிட்டது. சோர்ந்துபோய் அப்பாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ரீவிச் சத்தம் குறைந்தது.

"கணக்குச் சரியோ?"

"ஓம் அப்பா. கணக்குச் சரி."

"அப்ப என்ன," என்றார். "அரிசியை மாத்து."