வீட்டுக்காரருக்கு வைத்த பிஸ்கட் தட்டு

மரியாதைக்குரிய பெரியண்ணனுக்குத் தங்கை வணங்கி எழுதுவது.

ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர், அவர் மனைவி, உங்கள் மாப்பிள்ளை, எங்கள் மகள், நான். கடவுளைத் தவிர வேறு சாட்சி இல்லை. அங்கே எல்லோரும் நலமா? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். புத்தக பைண்டிங் வேலையை வீட்டிலேயே செய்கிற உங்கள் மாப்பிள்ளைக்கு அச்சகத்துக்குப் பக்கத்தில் இந்த வாடகையில் வேறு இடம் ஏது? கூப்பிட்டு உபசரித்தால் மனம் இளகாதா என்று, ஒரே கடியில் தின்கிற மாதிரி உப்பு பிஸ்கட்டில் சீஸ் தடவி, மேலே வெள்ளரி வட்டம், தக்காளி, திராட்சை, ஒரு பல் குத்தும் குச்சி செருகி வைத்தேன். பத்திரிகை பார்த்து நானே கற்றது. கொத்தனார் மாதிரி அடுக்கினேன் அண்ணா, ஒன்றுகூடச் சரியவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கடவுளுக்குப் படைக்கும்முன் நான் எதையும் ருசி பார்க்க மாட்டேன், உங்களுக்குத் தெரியும். படைத்தேன், வீட்டைக் காப்பாற்று என்று கும்பிட்டேன், தட்டை அப்படியே கொண்டுபோய் நீட்டினேன். வீட்டுக்காரர் இரண்டை ஒன்றாக வாயில் போட்டு, "இங்க பாருங்கம்மா, வீட்டு விஷயம்..." என்றார். அத்தோடு சரி. தாடை அசைகிறது, வாய் திறக்கவில்லை. தண்ணீர் எடுக்கச் சமையலறைக்கு ஓடினால், உங்கள் மாப்பிள்ளை ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "ஏம்மா, வெள்ளை டப்பால நான் காய்ச்சி வச்ச பசை எங்க?" என்கிறார்.

"அது சீஸ் இல்லையா?"

"சீஸ் இதோ, பிரிக்கவே இல்லையே!"

"மெதுவா பேசுங்க ரெண்டு பேரும். அவங்களுக்கு வாய்தான் ஒட்டியிருக்கு, காது இல்ல" என்றாள் மகள்.

வெறும் மைதாவும் தண்ணீரும்தான், உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இருவரும் கைகூப்பிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார்கள். இனி என்ன இருக்கிறது? பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டேன். அந்தப் பசையைச் சாப்பாட்டுச் செலவில் எழுதுவதா, தொழில் செலவில் எழுதுவதா என்றுகூடப் புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மாடி அறையை எங்களுக்கு ஒழித்துத் தாருங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு ஆண்டவன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை

பின்குறிப்பு: அறையை ஒழிக்க வேண்டாம். இப்போதுதான் வீட்டுக்காரர் மனைவி வந்து போனார். "தாராளமா இருங்க. கல்யாணமான நாளா இந்த மனுஷன் வாய் ஓய்ஞ்சு நான் பார்த்ததில்ல. நேத்து வீடு போற வரைக்கும் ஒரு பேச்சில்லையே! வெள்ளிக்கிழமை இவர் தங்கச்சி வராங்க, பேச்சுல அவங்க இவருக்கு மேல. அதே சீஸ் போட்டு ஒரு தட்டு செஞ்சு கொடுத்துடும்மா" என்றார். நான் பொய் சொல்கிறவள் இல்லை, அண்ணா. தலையை மட்டும் ஆட்டினேன். வெள்ளிக்கிழமை எந்த டப்பாவை எடுப்பது? சீக்கிரம் பதில் போடுங்கள்.