கிரகணம் பார்க்க வெட்டிய முழங்கால்

களுதாவளை,
22.03.2010

அன்புள்ள மைத்துனர் சீனித்தம்பி அவர்களுக்கு,

வல்லிபுரம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உமது தங்கை அன்னப்பூரணியும் நலம். என் காலும் நலம். அதைச் சொல்லத்தான் இரண்டு மாதக் கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் சூரிய கிரகணம் பார்க்கவென்று, சுனாமியில் அடிபட்டபோது எடுத்த என் முழங்கால் எக்ஸ்ரே படத்தை, ஒரு சொல் கேளாமல், கத்தரிக்கோலால் ஐந்தாக வெட்டினீர் அல்லவா? கறுத்த துண்டுகளை நீரும் அயலவரும் வைத்துக்கொண்டு, எலும்பு விழுந்த வெள்ளைத் துண்டைக் காலின் சொந்தக்காரனான எனக்குத் தந்தீர். ஊரெல்லாம் சூரியனைப் பார்க்க, நான் கண் கூசிக்கொண்டு என் முழங்காலைப் பார்த்து நின்றேன். அன்றோடு உம்முடன் கதைப்பதை நிறுத்தினேன்.

போன கிழமை வயல் வட்டையில் வரம்பு வழுக்கி விழுந்தேன், முழங்கால் வீங்கியது, ஆஸ்பத்திரியில் புதுப் படம் எடுத்தார்கள், பார்த்தால் எலும்புக்குள் பாக்களவு ஓட்டை. கடலுக்கும் தப்பி, முப்பது வருடச் சண்டைக்கும் தப்பின கால் இனிப் போய்விடும் என்று, எல்லாரும் பார்க்க அழுதேன் மச்சான். சைக்கிளை உமக்கே தருவதென்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

டொக்டர் நஸீபா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "அழாதீங்க ஐயா. ஓட்டையச் சுத்தி வெள்ளையா வரம்பு கட்டி இரிக்கு, பாருங்க. மெதுவா வளர்ற ஒண்டுக்குத்தான் எலும்பு இப்பிடி வரம்பு கட்டும். பொல்லாதது எண்டா, கட்ட விடாம அரிச்சிக்கிட்டே போகும். பழைய படம் இருந்தா ஒப்பிட்டு உறுதியாச் சொல்லலாம்."

"அத மச்சான் வெட்டிப்போட்டார், டொக்டர்."

"என்னத்துக்கு?"

"சூரியனப் பாக்க."

"அதால பாத்தாக் கண்ணும் போயிருக்குமே!" என்று நன்றாக ஏசினார்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தால், நீர் தந்த வெள்ளைத் துண்டு சேலைக்கடியில் பத்திரமாக இருந்தது. கோபத்திலும் நான் எவ்வளவு கவனமான மனிதன், பாரும். அதைக் கொண்டு ஓடினேன்; டொக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தார். ஐந்து வருடத்துக்கு முந்தியும் அதே ஓட்டை, அதே வரம்பு. முறிவில்லை என்றதோடு அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லையாம். "இது ஒண்டும் செய்யாது, அதுபாட்டுக்குக் கிடக்கட்டும். வீக்கம், நீங்க விழுந்ததால வந்தது" என்றார். நீர் கறுத்த துண்டைத் தந்திருந்தால் என் கதி என்ன? உமது பேராசைதான் எனக்கு நிம்மதி தந்தது. நன்றி மச்சான், ஆயிரம் நன்றி. உம்மையும் உமது கத்தரிக்கோலையும் எங்கள் பிள்ளையார் காக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டு காலிலும் நிற்கும்
வல்லிபுரம்

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் அன்னப்பூரணிக்கு வாசித்துக் காட்டினேன். அந்தத் துண்டை நான் அன்றே முற்றத்தில் வீசி எறிந்தேனாம். எடுத்துத் துடைத்துத் தன் சேலைக்கடியில் வைத்தது அவளாம். ஏன் என்று கேட்டேன். "கலியாணப் படமெல்லாம் கடல் கொண்டு போயிற்று. உங்கட படமெண்டு வீட்டில கிடந்தது அது ஒண்டுதானே" என்றாள். ஆகையால் மேலே எழுதிய நன்றி முழுவதையும் உம்மிடமிருந்து திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் சேர்ந்து படம் எடுக்கப் போகிறோம். பார்க்க வாரும். கத்தரிக்கோலை வீட்டில் வைத்துவிட்டு வாரும்.