யூனிஃபார்மைக் கழற்றச் சொன்ன நாள்

பெங்களூரில் கோபப்படக் காரணம் கிடைக்காமல் யாரும் தவித்ததில்லை. ஆனால் ஊரார் எல்லாருடைய கோபத்தையும் ஒரே ஆளாகப் படக்கூடியவர் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் ‘நியாயம்’ அண்ணன்தான். ‘இது நியாயமா?’ என்று முடியாத பேச்சை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் கம்பெனிக்கு பஸ்ஸை வாடகைக்கு விடும் ஓனருக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

காலையில் ஆஸ்டின் டவுனில் நான் ஏறும்போது தொடங்குவார். மேம்பாலத்தைத் திட்டுவார், மேம்பாலம் இல்லாத இடத்தையும் திட்டுவார். சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கினால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. நான் ஸ்டோர்ஸில் கிளார்க். முதல் சீட் என்பதால் “ஆமாண்ணே” சொல்லும் பொறுப்பு என்னுடையது.

ஆனேக்கல் தாண்டியதும்தான் நிஜமான கோபம் வரும். ராகி விளைந்த நிலத்தில் எங்கள் ஃபேக்டரி நிற்கிறது. நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளூர் ஆள் திருவிழாவுக்கு லீவு போடுவான், யூனியன் வைப்பான் என்று எச்.ஆர். மேனேஜருக்குப் பயம். கான்ட்ராக்டர் மூலம் வடக்கிலிருந்து பையன்களைக் கூட்டி வந்து, வருஷம் முடிவதற்குள் அனுப்பிவிட்டு, வேறு பையன்களைக் கூட்டி வருவார்கள்.

“அந்தப் பசங்களும் பாவம்மா” என்பார் அண்ணன். “ஊர விட்டு வந்தவன் வாயத் தொறக்க மாட்டான்னு எடுக்கறாங்க. உள்ளூர்க்காரன் தொறப்பான்னு எடுக்க மாட்டேங்கறாங்க. அப்போ வேலைக்குத் தகுதி என்ன, ஊமையா இருக்கறதா? இது நியாயமா?”

“ஆமாண்ணே” என்பேன். அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் வேலை கேட்டு நடந்து வந்த பையன்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி, நேராக எச்.ஆர். ஜன்னலுக்கு எதிரில் இறக்கிவிட்டார். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

“என்ன இது?”

“டெலிவரி சார். ஆளு கெடைக்கலன்னு சொல்லிட்டிருந்தீங்களே.”

செக்யூரிட்டி வந்து பையன்களை வெளியே அனுப்பினார். பஸ் ஓனர் போனில் கத்திய கத்தல் கடைசி சீட் வரை கேட்டது.

பிறகு வெளிநாட்டு கஸ்டமர்கள் பார்வையிட வரும் நாள் வந்தது. உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறோமா என்று பார்ப்பார்களாம். மேனேஜருக்கு உடனே உள்ளூர் மேல் பாசம் பொங்கியது. அண்ணனையே ஊருக்குள் அனுப்பிப் பெண்களை அழைத்து வரச் செய்தார். ஃபேக்டரிக்கு நிலம் கொடுத்த லட்சுமம்மாவும் ஐ.டி.ஐ. படித்த அவர் மகளும் வந்தார்கள். எல்லாருக்கும் புது யூனிஃபார்ம். மெஷின் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். வேலை கிடைத்துவிட்டதென்றே அவர்கள் நினைத்தார்கள்.

சாயங்காலம் மேனேஜர் வந்தார். “யூனிஃபார்மக் கழட்டி மடிச்சு வெச்சுட்டு பஸ்ல ஏறுங்கம்மா.”

லட்சுமம்மா மட்டும் கேட்டார்: “போட்டோ எடுக்கறப்போ உங்க ஆளுன்னு சொன்னீங்க. இப்போ நாங்க யாரு சார்?”

பஸ் பக்கத்தில் நின்று அதைக் கேட்ட அண்ணன் நேராக ஏறி உட்கார்ந்தார். பஸ்ஸைக் கிளப்பி, கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்னால் கஸ்டமர்களின் கார் வந்து நின்றது.

“பஸ் ரிப்பேரா?” என்று ஓடி வந்தார் மேனேஜர்.

“பஸ் நல்லாதான் இருக்கு சார். போட்ட யூனிஃபார்ம கழட்டச் சொல்றது நியாயமா?”

“ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுப்பா. அப்புறம் பேசலாம்.”

“நெலத்தக் குடுத்தப்பவே அவங்க அட்ஜஸ்ட் பண்ணிட்டாங்க. இன்னிக்கு உங்க முறை.”

காரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் இறங்கி, என்ன பிரச்சினை என்று விசாரித்தார். லட்சுமம்மாவின் மகள் முன்னால் வந்து, தெரிந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். அவள் முடிக்கும் முன்பே மேனேஜர் சிரித்த முகத்தோடு, “நாளைலேர்ந்து எல்லாரும் வேலைக்கு வாங்கம்மா” என்றார். பஸ் நகர்ந்தது.

மறுநாள் பஸ்ஸில் வேறு டிரைவர்.

பெண்களுக்கு வேலை கிடைத்தது. லட்சுமம்மாவுக்கு கேன்டீனில், மகளுக்கு மெஷினில். மேனேஜருக்கு புரமோஷன் கிடைத்தது, உள்ளூர் வேலைவாய்ப்பை வளர்த்ததற்காகவாம். அந்த போட்டோவைப் பெரிதாக்கி ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். தன் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “அந்தப் பொண்ணுங்களுக்கு பர்மனென்ட்டா?” என்றார். கான்ட்ராக்ட்தான் என்றேன். அன்றைக்கு அவர் திட்டு முழுதும் எனக்குத்தான்.

இப்போது காக்ஸ் டவுனில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கூப்பிடுவேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குழம்பு வைப்பேன். அவர் பேச்சு முடிவதற்குள் குழம்பை இறக்க வேண்டிவருமே என்று அடுப்பைச் சின்னதாகவே எரிய விடுவேன்.