கிரீஸ் வேண்டாத ரோலர்

ஹடப்சர், புணே
14-2-2004

சிரஞ்சீவி விச்சுவுக்கு உன் அத்திம்பேர் பட்டாபிராமனின் ஆசீர்வாதம். இங்கே நாங்கள் இருவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அக்கா விசாலம் க்ஷேமம். நான் எப்படி இருக்கிறேன் என்பதை மேற்கொண்டு படித்து நீயே தெரிந்துகொள். கோயம்புத்தூரில் நீயும் உன் சம்சாரமும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் பட்டறை ரோலர்கள் மட்டும் உடனே உன்னிடமே திரும்பி வந்து சேர வேண்டும்.

பஸ் டெப்போவிலிருந்து ஓய்வு பெற்றபின் இந்தக் கழிவுநீர் நிலையத்தில் நான் சூப்பர்வைசராக இருப்பது உனக்குத் தெரியும். சாக்கடைத் தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் சல்லடை மெஷின் இருக்கிறது. துணி, பிளாஸ்டிக் பை, முடி எல்லாவற்றையும் ஒரு இரும்புச் சீப்பு வாரிக்கொண்டு மேலே வந்து கொட்டும். அந்தச் சீப்பை இழுக்கும் சங்கிலி ஓடுவது ஆறு ரோலர்களின் மேல். தினம் மதியம் ஒரு மணிக்கு மெஷினை நிறுத்தியதும், தத்தோபா என்கிற மராட்டிக்காரர் குனிந்து மூன்று விரலால் ஆறுக்கும் கிரீஸ் தடவுவார். பத்தொன்பது வருஷமாக இதுதான் அவர் வேலை. அப்புறம் நீ உன் வெள்ளை ரோலரை அனுப்பினாய். "அத்திம்பேர், பத்து வருஷத்துக்குக் கிரீஸே வேண்டாம். தேஞ்சா ரெண்டு போல்ட்டைக் கழட்டி, வளையல் மாதிரி ரெண்டாப் பிரிச்சு, அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம். கிரீஸ் போட ஆளே வேண்டாம்" என்று போனில் சொன்னாய். நான் அப்படியே மேனேஜரிடம் ஒப்பித்தேன். அவர் கடைசி வாக்கியத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ரோலர் மாட்டிய மறுநாளே தத்தோபாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனிதர் என்னோடு சண்டைகூடப் போடவில்லை. விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு, "ஒரு மணிக்கு மெஷின் காத்துக்கிட்டிருக்கும், சாஹேப்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் ஒரு மணிக்கு மெஷினை நிறுத்தி, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டிபன் டப்பாவைத் திறந்தேன். இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஆறு ரோலரிலும் புதுக் கிரீஸ், அதுவும் மூன்று விரல் அகலத்துக்கு வழித்துவிட்ட தடம். நிலையத்தில் கிரீஸ் டப்பாவே கிடையாது, வேண்டாம் என்று நானே திருப்பி அனுப்பிவிட்டேன். வீட்டில் சொன்னால் உன் அக்கா, "பூரியைச் சாப்ட்டுட்டுக் கை அலம்பாமப் போய்த் தொட்டிருப்பேள்" என்றாள். மறுநாள் மோர்சாதம் கொண்டுபோனேன். அன்றும் கிரீஸ். வாட்ச்மேன் காயக்வாட் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து மெஷினில் கட்டினான்; உன் ரோலர் வழவழவென்று ஓடுகிறதே, அரை நிமிஷத்தில் சீப்பு அதையும் வாரிக்கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிட்டது. ஆறாம் நாள் நான் சாப்பிடவில்லை. பூட்டிய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். மெஷின் நின்றுபோய்க் கிடக்கிறது, உள்ளே ஈ காக்கை இல்லை, ஆனால் "ஹோ பாளா, ஹோ" என்று யாரோ மராட்டியில் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி மெல்லச் சொல்வது கேட்டது. தத்தோபா கிரீஸ் தடவும்போது மெஷினிடம் அப்படித்தான் பேசுவார். அந்தச் சமயத்தில் ராமா கிருஷ்ணா என்று வாயில் வரவேண்டாமா? உன் பெயர்தான் வந்தது விச்சு, அதுவும் நல்ல வார்த்தையோடு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கசார்வாடிக்குத் தத்தோபா வீட்டுக்கே போனேன். அவர் மனைவி சகுபாய் கதவைத் திறந்தாள். "தூங்கறார். வேலை போனதிலேர்ந்து இந்த நேரத்துக்குப் படுத்துடறார்" என்றாள். மணி ஒன்று. கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தவரின் வலது கை தானாக மேலே எழுந்தது. மூன்று விரலைச் சேர்த்துக் காற்றில் எதையோ வழித்தது, கொஞ்சம் தள்ளி மறுபடியும் வழித்தது. எண்ணினேன், ஆறு தடவை. உதடு "ஹோ பாளா" என்றது. கை மார்பில் விழுந்தபோது விரல்நுனியெல்லாம் கறுப்புக் கிரீஸ். சகுபாய் பதறவே இல்லை. சோப்பும் ஈரத்துணியும் பக்கத்திலேயே வைத்திருந்தாள். "தினம் இப்படித்தான், சாஹேப். எங்கேர்ந்து வருதுன்னு அவருக்கே தெரியலை. தலையணை உறையெல்லாம் பாழாப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள். எனக்கு டீ கொடுத்தாள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதைவிட வெட்கமாக இருந்தது. நான் ஒப்பித்த ஒரு வாக்கியத்தில் அல்லவா அந்த மனிதர் வேலை போயிற்று?

திங்கட்கிழமை மேனேஜரிடம், தத்தோபாவைத் திரும்ப எடுக்காவிட்டால் நானும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேனேஜருக்கும் அந்த அறைக்குள் தனியாகப் போகப் பயம், ஒப்புக்கொண்டார். தத்தோபா வருவார், பழைய இரும்பு ரோலரை மாட்டுவோம், அவர் முழித்துக்கொண்டு தன் கையால் கிரீஸ் தடவட்டும். உன் வெள்ளை ரோலர்களைப் பெட்டியில் கட்டி லாரியில் போட ஏற்பாடு செய்கிறேன். அந்த மாதிரி இனிமேல் யாருக்கும் விற்காதே.

உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். பகலில் படுக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்திவிடு.

இப்படிக்கு,
பட்டாபிராமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் தத்தோபா வந்துவிட்டார். இரும்பு ரோலர் திரும்பி வருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். பதறிப்போய் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "நகோ சாஹேப், வேண்டாம்! குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிடுச்சு. இப்பப் படுத்தா முடிஞ்சுடுது. வேலையைக் குடுங்க, இரும்பைக் குடுக்காதீங்க" என்கிறார். என் அறை பெஞ்சிலேயே ஒரு மணிக்குப் படுத்தார். இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன், ஆறு வெள்ளை ரோலரிலும் புதுக் கிரீஸ் பளபளவென்று இருந்தது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இங்கே புதிதாக வரப்போகும் இரண்டாவது மெஷினுக்கும் ஆறு ரோலர் உடனே அனுப்பு. பன்னிரண்டையும் பார்த்துக்கொள்ள முடியும், ஆனால் தூக்கம் இன்னும் அரைமணி கூடுதலாக வேண்டும் என்று தத்தோபா கேட்டார், மேனேஜர் சம்மதித்துவிட்டார்.