மாப்பிள்ளை போட்ட வடையும் சந்தைச் சுதந்திரமும்

டெல்லியில் இருக்கும் மாப்பிள்ளை பார்த்திபன் அவர்களுக்கு, செஞ்சி கடைத்தெரு பாத்திரக்கடை முருகையன், அதாவது உங்கள் மாமனார், ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ஜெயமும் சுகம், கடைதான் சுகமில்லை. உங்கள் சுகமும் என் மகள் அனுஷாவின் சுகமும் அறிய ஆவல்.

பொங்கலுக்கு வந்தபோது உங்கள் ஆய்வு மையத்தின் சார்பில் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, "அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ளட்டும், போட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று பேசி, ஆளுக்கொரு புத்தகமும் இரண்டு மெதுவடையும் கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? நாங்கள் கைதட்டியது வடைக்கு. நீங்கள் ரயிலேறிப் போய்விட்டீர்கள், பேச்சு மட்டும் போகவில்லை. எங்கள் தெருவில் காலையில் எனக்குப் போணியாகிவிட்டால், அடுத்து வருகிறவரைப் பக்கத்துக் கடை பூபதியிடம் அனுப்புவேன், அவனும் அப்படித்தான். இது போட்டிக்கு விரோதம் என்றீர்கள், மாப்பிள்ளை சொல்லைத் தட்டக்கூடாதே என்று நிறுத்தினேன். அவன் குடத்தின் விலையைக் குறைத்தான், நான் இன்னும் குறைத்தேன், இப்போது பக்கத்து ஊர் வல்லத்துக்காரர்கள் பஸ் வரும்வரை பொழுதுபோக எங்கள் இருவரையும் கத்தவிட்டு, ஒன்றும் வாங்காமல் ஏறிப்போகிறார்கள். பூபதி என்னோடு பேசுவதில்லை. டீக்கடைக்கும் இப்போது தனியாகத்தான் போகிறேன், மாப்பிள்ளை.

போதாததற்கு தினேஷ்குமார் என்று ஒருத்தன் என் கடைப்படியை மறித்து பிளாஸ்டிக் குடவண்டியை நிறுத்திவிட்டான். எடுடா என்றால் உங்கள் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, "இன்னா நைனா, நீயும்தானே கைதட்டுன?" என்கிறான். கவுன்சிலரிடம் ஓடினேன். "இதுல அரசாங்கம் தலையிடக் கூடாதுங்க" என்றார். எதிர்க்கட்சிக்காரரிடம் ஓடினேன், அவரும் அதையே சொல்கிறார். ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு ஒருத்தர் போகாதவர்கள், இதில் மட்டும் ஒரே பேச்சு. கேட்டால் இரண்டு பேருக்கும் சொந்த யோசனையாம்! உங்கள் பெயர் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. கடை முன்னால் சாக்கடை நாறுகிறது, அதையும் போட்டியே அள்ளிக்கொள்ளும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் மையத்திலிருந்து யாராவது வந்து, "நாங்க சொன்னது தப்பு, பழையபடி இருங்க" என்று ஒரு கூட்டம் போட வேண்டும். வடை என் பொறுப்பு.

நீங்களும் அனுஷாவும் மதிப்புக் குறையாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார் முருகையன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கவுன்சிலரின் கட்சிக்காரர்கள் வந்து, வருகிற தேர்தலில் இந்த வார்டில் என்னை நிற்கச் சொல்லிவிட்டார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டாம். அந்தப் புத்தகத்தில் இரண்டு கட்டு அனுப்புங்கள். எதிர்க்கட்சி நிறுத்தியிருப்பது பூபதியை. அவன் கேட்டால் ஒன்றுகூடக் கொடுத்துவிடாதீர்கள். போட்டியின் அருமையைப் பேச இந்த வார்டில் நான் ஒருத்தன் போதும்.