முப்பத்தேழு வைரங்களின் குளியல்

வெதாத் அந்த ப்ரூச்சை வெந்நீரிலிருந்து எடுத்தபோது அதிலிருந்த முப்பத்தேழு வைரங்களும் செத்துப்போயிருந்தன.

ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரை மங்கலாகவாவது மின்னிக்கொண்டிருந்தவை. இப்போது சந்தையில் சாயங்காலம் வரை விலைபோகாத மீனின் கண்களைப் போல வெளுத்துக் கிடந்தன. துடைத்துப் பார்த்தான். ஊதிப் பார்த்தான். பற்பசையின் புதினா வாசனைதான் வந்தது.

வெதாத் உஸ்குதார் என்ற கடலோரப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். வைரம் என்பது வெறும் கரி, அமிலத்தில் போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்று பதினோரு வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறவன். அந்தத் தைரியத்தில்தான் கழுவினான். வைரத்துக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. ஆனது வேறொன்றுக்கு. அது அவன் பாடப் புத்தகத்தில் இல்லை.

மார்பில் குத்திக்கொள்ளும் அந்த நகை, ப்ரூச், அவன் மாமியார் நெரிமான் அம்மாளுடையது. வெள்ளியில் செய்த ரோஜாக் கிளை. இலை, மொட்டு, பூ எல்லாவற்றிலும் பழங்காலத்து வைரம். நடுப்பூ மட்டும் மயிரிழை போன்ற ஒரு சுருள்கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும். அணிந்தவள் மூச்சு விட்டால் பூ நடுங்கும், சிரித்தால் ஆடும்.

அந்த வீட்டில் எல்லாமே பெண் வழியில்தான் போகும். மாப்பிள்ளைகள் வீட்டோடு வந்து சேருவார்கள். மகளுக்குக் கல்யாணமாகி வரும் முதல் நோன்புப் பெருநாளன்று, உறவு ஜனம் எல்லாம் பார்க்க, அம்மா அந்த ப்ரூச்சைத் தன் மார்பிலிருந்து கழற்றி மகள் மார்பில் குத்துவாள். குத்திவிட்டால் மாப்பிள்ளை வீட்டு மனிதன். குத்தாவிட்டால்?

அதற்கு ஒர்ஹான் இருந்தார். மூத்த மகளின் கணவர், கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. வானம் தெளிவாக இருந்தாலும் குடையோடு போகிறவர். ஏழு பெருநாள் வந்து போய்விட்டது, ப்ரூச் மூத்தவளுக்கு வரவில்லை. இன்றைக்கும் அவருக்கு விருந்தாளிக் கோப்பையில்தான் தேநீர். 'நீங்க, வாங்க' மரியாதைதான். அவர் அப்படி என்ன தப்புச் செய்தார் என்று அந்த வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

வெதாத்துக்கு இது முதல் பெருநாள். இன்னும் நாலே நாள்.

முந்தின நாள் நோன்பு திறக்கும்போது நெரிமான் அம்மாள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த ப்ரூச் மங்கிப்போச்சு. அதைப் பார்க்க எனக்கு எங்க நேரம் இருக்கு?" என்று பெருமூச்சு விட்டாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் வெதாத்துக்குத் தன் தலையெழுத்தே வந்து தோளைத் தட்டியது போலிருந்தது. மறுநாள் பெண்கள் கடைக்குப் போனதும் அலமாரிப் பெட்டியைத் திறந்துவிட்டான்.

'உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. ஈரம் போனால் சரியாகிவிடும்' என்று முடிவு செய்து, மனைவி இன்ஜி தலை உலர்த்தும் கருவியை எடுத்து அனல் காற்றைப் பிடித்தான். வெளுப்பு போயிற்று. பழுப்பு வந்தது. பிறகு கறுப்பு.

ஈரத்தை அனலால் விரட்ட முடியாவிட்டால் ஸ்பிரிட்டால் விரட்டலாம். இதுவும் பாடத்தில் உள்ளதுதான். பள்ளி ஆய்வகத்து ஸ்பிரிட் புட்டி ஒன்று வீட்டில் இருந்தது. கிண்ணத்தில் ஊற்றி ப்ரூச்சை முக்கினான். இரண்டு நிமிடம் கழித்துத் தூக்கினால், டிக், டிக், டிக். மூன்று கற்கள் கழன்று கழுவுதொட்டியில் விழுந்தன. இரண்டைப் பிடித்துவிட்டான். மூன்றாவது, நடுப்பூவின் நடுக்கல், ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டது.

அவன் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. மாமனார் ஷக்கிர்.

"அடைப்பா மாப்ளே?"

"ஆமா மாமா. முடி அடைச்சிருக்கு."

ஷக்கிர் மேசைமேலிருந்த பற்பசையைப் பார்த்தார். ஸ்பிரிட் புட்டியைப் பார்த்தார். "முடியா," என்றார். "சரி, சரி. மெதுவா எடு." போய்விட்டார்.

குழாயிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானும் பாதி ஊக்கும் கிடைத்தன. வைரம் இல்லை.

கதி கலங்கிப்போய்க் கீழ்த்தளத்துக்கு ஓடினான். "ஒர்ஹான் அண்ணே, அந்த ப்ரூச் விஷயமா ஒண்ணு கேக்கணும்…"

ஒர்ஹான் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னை இதுல இழுக்காதீங்க," என்று கதவைச் சாத்தினார்.

'பாவம், என்னைவிடப் பெரிதாக ஏதோ செய்திருக்கிறார்' என்று நினைத்துக்கொண்டான் வெதாத்.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் படகேறி, பெரிய சந்தைக்குப் போனான். பழைய வைர வேலைக்கு நுபார் உஸ்தாதான் என்று ஊரே சொல்லும்; கைதேர்ந்த தொழில்காரரை அங்கே உஸ்தா என்பார்கள். அர்மேனியக் கிறிஸ்தவக் கிழவர். கட்டிலில் பாதியளவுதான் கடை.

"தேநீர் குடிக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. என் நோன்பு வேற மாசம்," என்று சொல்லிவிட்டு உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டினார். ப்ரூச்சைத் திருப்பியவர் சட்டென்று நின்றார்.

"நீங்க வீட்டோட மாப்பிள்ளையா?"

"எப்படித் தெரிஞ்சது உஸ்தா?"

"முகத்துல எழுதியிருக்கு." கிழவர் இருமினார். "கழுவினீங்களா?"

"லேசா."

"லேசாக் கழுவினாலும் அழுத்திக் கழுவினாலும் சாவு ஒண்ணுதான். இங்க பாருங்க." ஒரு கல்லைச் சிமிட்டா இடுக்கியால் தூக்கிக் காட்டினார். "இப்ப வர்ற வைரத்துக்கு அடி கூர்மையா இருக்கும், பம்பரம் மாதிரி. மேல விழுற வெளிச்சம் அடியில பட்டுத் திரும்பி மேலயே வரும். தனக்குத் தானே கண்ணாடி. இது அந்தக் காலத்துக் கல்லு. அடி தட்டை, மேல மட்டும் மொட்டு மாதிரி பட்டை. வெளிச்சம் உள்ள போனா அடி வழியா வெளிய ஓடிடும். அதனால என்ன பண்ணினாங்க? கல்லுக்கு அடியில ஒரு குழி, குழிக்குள்ள வெள்ளித் தகடு. சிகரெட் தாளைவிட மெல்லிசு. அது கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். நீங்க தண்ணி விட்டீங்க, தகடு கறுத்துடுச்சு. கல்லு சாகல வாத்தியாரே. அதோட முதுகுதான் போச்சு."

வெதாத் தலையில் கை வைத்தான். பதினோரு வருடக் கரும்பலகை ஒரே நொடியில் அழிந்தது.

"இவ்வளவு தொந்தரவு பிடிச்சதை ஏன் உஸ்தா ஜனங்க இன்னும் தேடித் தேடி வாங்குறாங்க?"

நுபார் ஒரு பெட்டியிலிருந்து வேறொரு பழைய மோதிரத்தை எடுத்து வைத்தார். விளக்கை அணைத்துவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினார். அவ்வளவுதான். கல்லுக்குள் யாரோ மெதுவாகக் கண் விழித்தது போலிருந்தது. மின்னவில்லை, ஒளி உள்ளே நடமாடியது.

"மெழுகுவர்த்திக்காகவே பட்டை போட்ட கல்லு இது. எல்லாம் கண்ணளவுல கையால தீட்டினது. அதான் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. புதுக் கல்லு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தும். இது பக்கத்துல வந்தவங்ககிட்ட மட்டும் பேசும்." விளக்கைப் போட்டார். "சில கல்லைப் பிசின் வெச்சு ஒட்டியிருக்காங்க. அதான் ஸ்பிரிட்டுல கழண்டிருக்கு. யாரோ அவசரக்காரன் பண்ணின வேலை. சரி, எப்ப வேணும்?"

"புதன்கிழமை."

"இது ஒரு மாச வேலை."

"மாமியார் உஸ்தா!"

கிழவர் அவனைப் பரிவோடு பார்த்தார். "சரி, புதன்கிழமை வாங்க."

புதன்கிழமை போனபோது முப்பத்தாறு கற்களும் பிழைத்திருந்தன. காணாமற்போன நடுக்கல்லுக்குப் பழங்கல் கிடைக்காததால் ஒரு புதுக்கல்லை வைத்திருந்தார். "கூர் அடிக்கல்லு, தட்டைக் குழிக்குள்ள முழுசா இறங்காது. பிசின்லதான் நிக்குது. பத்திரம்."

அது குழியில் இறங்காதது மட்டுமில்லை. கல்யாண வீட்டில் கட்டிய ஒலிபெருக்கி மாதிரி நடுவில் நின்று அலறியது. அதோடு, கறுப்பை எடுப்பதற்காக நுபார் வெள்ளியைத் தேய்த்ததில், நூறு வருடத்து ரோஜாக்கிளை நேற்றுப் பூத்தது போல் பளபளத்தது.

"இதைப் பார்த்தா அத்தைக்கு உடனே தெரிஞ்சிடுமே!"

"வெள்ளிக்கு வயசு கூட்டணும்னா அதுக்குக் காலம் வேணும்."

காலம் இல்லாவிட்டால் என்ன, கந்தகம் இருக்கிறதே! வேதியியல் வாத்தியார் கடைசியாகத் தனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். வெந்த முட்டை மஞ்சள்கருவிலிருந்து எழும் ஆவி வெள்ளியைக் கறுப்பாக்கும். வீட்டுக்கு வந்ததும் ஆறு முட்டைகளை அடுப்பில் ஏற்றினான்.

இன்ஜி வந்து நின்றாள். "என்ன பண்றே?"

"முட்டை வேகவைக்கிறேன்."

"நோன்பு வெச்சுக்கிட்டு, பட்டப்பகல்ல?"

"சஹருக்கு. விடியறதுக்கு முன்னால சாப்பிட."

"இன்னைக்கு ராத்திரி சஹரே கிடையாது வெதாத். நாளைக்குப் பெருநாள்!"

"அப்போ… பெருநாளுக்கு."

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். மசித்த முட்டையோடு ப்ரூச்சை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினான். கால் மணி நேரம் என்பது கணக்கு. ஆனால் மாமியார் கூப்பிட்டு நாற்காலிகளை மாடியிலிருந்து இறக்கச் சொன்னதில் இரண்டு மணி நேரமாகிவிட்டது. திறந்தபோது ரோஜாக்கிளை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. துணியால் தேய்த்துத் தேய்த்து ஒருவழியாக நூறு வருடத்துக்குக் கொண்டுவந்தான். நிறம் வந்துவிட்டது. வாசனைதான் போகவில்லை. அப்படியே அலமாரிப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டான்.

பெருநாள் காலை. கூடத்தில் முப்பது பேர். நெரிமான் அம்மாள் கறுப்புப் பட்டுச் சட்டையில் ப்ரூச்சைக் குத்திக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சின்னவர்கள் வரிசையாக வந்து கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். குனிந்த ஒவ்வொருவரும் நிமிரும்போது மூக்கைச் சுருக்கினார்கள்.

"அக்கா, இங்க ஏதோ முட்டை நாத்தம் அடிக்குதே!" என்றாள் பெஹியே சித்தி. அந்த வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் கையில் ஒடிகொலோன் என்ற வாசனைத் தண்ணீரை ஊற்றுவது அவள் பொறுப்பு. அவளுக்குக் கை தாராளம்.

"எனக்கும் அடிக்குது. நம்ம தலைக்கு மேல கொஞ்சம் தெளியேன்."

எலுமிச்சை ஒடிகொலோன். அதாவது, ஸ்பிரிட்.

"வேண்டாம் சித்தி!" என்று வெதாத் கத்தினான்.

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். புட்டி அதற்குள் கவிழ்ந்துவிட்டது. நெரிமான் அம்மாளின் மார்பெல்லாம் எலுமிச்சை.

"ஏன் மாப்பிள்ளை, உங்களுக்கு ஒத்துக்காதா?" என்றாள் அவள்.

"இல்ல அத்தை… பட்டுக்கு ஆகாது."

"பட்டைப் பத்தி இவ்வளவு அக்கறையா!" என்று பெஹியே சித்தி சிரித்தாள். நெரிமான் அம்மாளும் சிரித்தாள். அவள் சிரித்தால் பூ ஆடும் என்று முன்பே சொன்னேன். ஆடியது. ஒருமுறை. இருமுறை. மூன்றாம் முறை புதுக்கல் பிசினை விட்டுத் துள்ளி, எதிரிலிருந்த இனிப்புத் தட்டில், சர்க்கரைப் பொடிக்குள் விழுந்தது.

விருந்தாளி நாற்காலியில் ஒர்ஹான் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நெரிமான் அம்மாள் சர்க்கரைக்குள் விரலை விட்டுக் கல்லை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையை, உச்சி முதல் பாதம் வரை, நிதானமாகப் பார்த்தாள். கல்லைக் கைக்குட்டையில் முடிந்தாள். ப்ரூச்சைக் கழற்றினாள், நடுவில் ஓட்டை, சுற்றிலும் முட்டை வாசனை. எழுந்து போய் அதை இன்ஜியின் மார்பில் குத்தினாள்.

கூடம் கைதட்டியது.

"அங்க என்ன தூண் மாதிரி நிக்கிறே மாப்ளே?" என்றாள் வெதாத்தைப் பார்த்து. "உள்ள போய் நம்ம தேநீர்க் கோப்பை எல்லாத்தையும் எடுத்துட்டு வா. உனக்கும் சேர்த்து."

அவனுக்குக் கால் தரையில் படவில்லை. ஒன்றும் விளங்கவும் இல்லை. கோப்பைகளைக் கொடுத்துவிட்டு மாடிமுகப்புக்குப் போனான். அங்கே ஷக்கிர் முப்பது நாளுக்குப் பிறகு முதல் பகல் சிகரெட்டை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மனசு கேக்கல. ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்த ப்ரூச்சை…"

"எதுல கழுவினே?"

"பற்பசை… வெந்நீர்."

"பரவாயில்ல. நான் வினிகர்ல கொதிக்க வெச்சேன். நுபாரோட அப்பன்தான் ராத்திரி பகலா உட்கார்ந்து பிசின் வெச்சு ஒட்டிக் கொடுத்தான். எனக்கு முன்னால என் மாமனார் அடுப்புச் சாம்பல் போட்டுத் தேச்சாராம்." புகையைக் கடல் பக்கம் விட்டார். "எங்க மாமியாரும் இதே மாதிரிதான், நோன்பு திறக்கும்போது, யாரையும் பார்க்காம, மங்கிப்போச்சுன்னு சொன்னாங்க."

வெதாத் கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒர்ஹான் விருந்தாளிக் கோப்பையைச் சிந்தாமல் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ ஒர்ஹான் அண்ணன்? அவர் அப்படி எதுல போட்டுக் கழுவினாரு மாமா?"

ஷக்கிர் சாம்பலைத் தட்டினார்.

"அவன் கழுவவே இல்லையே மாப்ளே."